யானையின் மண்டையும் துப்பாக்கிக் குண்டும்

யானையின் மூளையை முன்புறத்தில் மறைத்து நிற்கும் எலும்பு, தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த தடித்த அரண். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 21 இறாத்தல் எடையுள்ள துப்பாக்கியையும் 4 அவுன்ஸ் ஈயக் குண்டையும் கையாண்டவர். பின்னர் ஆபிரிக்காவில் 1000இற்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற பெல் என்பவரோ, அவற்றுட் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் குண்டினாலேயே வீழ்த்தினார். அதன் எடை அரை அவுன்சுந்தானும் இல்லை!

மெல்லிய ஈயம் எலும்பிற் பட்டதும் நசுங்கி அகலும். அகலவே தடை மிகுந்து வேகம் குன்றும். பெல்லின் குண்டு நீண்டு ஒடுங்கியது. கடின உலோக உறையிட்டது. ஆதலால் வடிவு குலையாது நேரே ஊடுருவும். ஆயினும், யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தைக் கற்றவர் அவர். அதனை அறியாதவன் சுட்டால், அதே குண்டு மூளைக்கு அப்பாற் செல்லும். காயமுற்ற யானை காட்டினுட் புகுந்து நாட்கணக்கில் வருந்தும், அன்றேல் சுட்டவன்மீதே திரும்பும்.