டிராக்டர் வாங்கும் விவசாயி எதைப் பார்க்கிறார்?

(காப்பெல் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன கூட்டத்தில் டெல்லி விவசாயிகளின் 2021 ஜனவரி 26 டிராக்டர் அணிவகுப்பு வீடியோவைப் பார்த்தோம். அப்போ ஒரு தோழர் கேட்டாங்க: "ஒருத்தர் சிவப்பு வண்டி, ஒருத்தர் நீல வண்டி. எப்படித் தேர்ந்தெடுக்கிறாங்க? நம்ம பசங்க ஐபோன் வாங்குற மாதிரி பிராண்ட் மோகமா?" நல்ல கேள்வி. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன்.

எங்க பெரியப்பாவுக்கு மன்னார்குடி பக்கம் நெல் விவசாயம். வச்சிருக்கிறது மாஸி ஃபெர்குசன் 1035. "ஏன் பெரியப்பா மாஸி?"ன்னு போன்ல கேட்டேன். எஞ்சினைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. "நம்மூரு மெக்கானிக்குக்கு அந்த வண்டிதாம்மா கைவந்தது. பார்ட்ஸ் மன்னார்குடியிலயே கிடைக்கும். நாளைக்கு விக்கணும்னாலும் ஆளு வரும்." அவ்வளவுதான் சொன்னார்.

இந்த மூணையும் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க. டெல்டாவில் சேறடிக்கிற நாட்கள் கையளவுதான். வாய்க்காலில் தண்ணி முறை வச்சு வரும். அந்த முறையில் வண்டி ரெண்டு நாள் படுத்துட்டா தண்ணி போயிடும், நாற்றங்காலில் நாற்று முத்திடும். தஞ்சாவூரிலிருந்து கம்பெனி ஆள் எப்போ வருவார்னு காத்திருக்க முடியாது. அதனால் எஞ்சினின் தரத்தை விட, ஸ்பானரோட சைக்கிள்ல வர்ற மெக்கானிக் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கார் என்பதே பெரிய விஷயம். அவரும் சின்ன வயசிலிருந்து எதைப் பிரிச்சு மாட்டினாரோ அதைத்தான் நல்லா பார்ப்பார். மாஸியைத் தயாரிக்கிற டாஃபே 1960-இல் தொடங்கிய சென்னைக் கம்பெனி. அந்த வண்டியைப் பிரிக்கத் தெரிந்த கைகள் நம்மூரில் அதிகம்.

மண்ணும் முடிவு பண்ணும். ஈரக் களிமண்ணில் கனமான வண்டி புதையும். அதனால கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்க எடை குறைந்த வண்டியைத் தேடுறாங்க, குபோட்டாவுக்கு அங்கே மதிப்பு வந்தது அப்படித்தான். (குபோட்டாவின் அமெரிக்கத் தலைமையகம் நம்ம பக்கத்து ஊர் கிரேப்வைன்ல இருக்கு. மாலுக்குப் போற வழியில எத்தனை பேர் கவனிச்சிருக்கீங்க?) கரும்பு ஏத்தி டிரெய்லர் இழுக்கிறவருக்குக் கணக்கே வேற, அவருக்கு எடை வேணும்.

ஆனா பல பேர் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறதே இல்லை. யார் கடன் கொடுக்கிறாங்களோ அவங்க காட்டுற வண்டிதான் வீட்டுக்கு வருது. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீஸ் அடித்து இழுத்துப் போன வீடியோ தமிழ்நாடு முழுக்கப் பரவியது. வண்டி வயலில் நின்னாலும் தவணை முடியுற வரைக்கும் அது யாருடையதுன்னு அந்த வீடியோ காட்டுச்சு. "வித்தா ஆளு வரும்"னு பெரியப்பா சொன்னதன் அர்த்தமும் இதுதான். மழை பொய்த்த வருஷம் தவணை கட்ட, வண்டியை நல்ல விலைக்குத் தள்ளிவிட முடியணும். சொந்த வண்டியே இல்லாத சிறு விவசாயிக்கு பிராண்ட் பேச்சே கிடையாது. மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு யார் முதலில் வர்றாரோ அவர் வண்டிதான்.

இப்போ இங்கே வாங்க. அமெரிக்காவில் பச்சை வண்டி, ஜான் டீயர். ஒரு சென்சார் கோளாறு சொன்னா எஞ்சினே வேகத்தைக் குறைச்சுக்கும். கோளாறை முழுசாப் படிச்சுச் சரிபண்ற மென்பொருள் அங்கீகரிக்கப்பட்ட டீலர்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு சொல்லி, 2025 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இல்லினாய், மின்னசோட்டா மாநிலங்களோட சேர்ந்து வழக்குப் போட்டது. கொலராடோ 2023-லேயே விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிடுச்சு. ஏலத்தில் எழுபது, எண்பதுகளின் பழைய டிராக்டருக்கு விவசாயிகள் போட்டி போடுறது பழம்பொருள் ஆசையில் இல்லை. அதைத் தானே பிரிச்சு மாட்டலாம்.

2022-இல் உக்ரைனின் மெலிட்டோபோலில் ரஷ்யப் படையினர் திருடிச் சென்ற டீயர் இயந்திரங்களைத் தூரத்திலிருந்தே பூட்டிட்டாங்கன்னு செய்தி வந்தப்போ நம்ம குழுவிலேயே பலர் கைதட்டினோம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அந்தச் சுவிட்ச் திருடனுக்காக மட்டும் வச்சதில்லையே. அந்த வண்டிகளைச் செய்யும் தொழிலாளர்கள், பத்தாயிரம் பேர், 2021 அக்டோபரில் வேலைநிறுத்தம் செய்தாங்க. சுவிட்ச் அவங்க கையிலும் இல்லை, உழுகிறவர் கையிலும் இல்லை.

வேற வழியே இல்லையான்னு கேட்டா, ஸ்வராஜைப் பாருங்க. துர்காபூரில் அரசு ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்து, 1974-இல் பஞ்சாப் அரசு நிறுவனம் மொஹாலியில் தயாரித்த வண்டி. வெளிநாட்டு உரிமம் எதுவும் வாங்காமல் செஞ்சது. 2007-இல் அதை மஹிந்திரா வாங்கிடுச்சு. பொதுப்பணத்தில் உருவான வடிவமைப்பு தனியாரிடம் போச்சேன்னு எனக்குக் கோபம் உண்டு. "வண்டி ஓடுது, பார்ட்ஸ் கிடைக்குது, உனக்கென்னம்மா?"ன்னு பெரியப்பா கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு நீங்க சொல்லுங்க, இப்போ கேள்வி நேரம்.