சிற்றம்பு ஆட்டத்தின் உலகப் பட்டம்

ஆங்கில நாட்டு மதுச்சாலைகளிலே சுவரோரமாக வட்டப் பலகையொன்று தொங்குவதையும், வேலைவிட்டு வந்தோர் அதனை நோக்கிக் கூரிய சிறு அம்புகளை எறிந்து மாலைப்பொழுதைக் கழிப்பதையும் அந்நாட்டுக் கதைகளிலே படித்த நேயர்கள் பலர் இருப்பர். ‘டாட்ஸ்’ என வழங்கும் அச்சிற்றம்பு ஆட்டம் மதுச்சாலையை விட்டு வெளியேறி நெடுந்தூரம் வந்துவிட்டது. இலண்டன் மாநகரின் வடபால் உள்ள அலெக்சாண்டிரா மாளிகையிலே, ஆயிரக்கணக்கானோர் ஆரவாரிக்க, டிசெம்பர் நடுப்பகுதியில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிவுறும் உலகப் போட்டியாக அது வளர்ந்துள்ளது. 2026ஆம் ஆண்டுப் பட்டத்துக்கான போட்டியிலே 128 பேர் பங்குபற்றினர். வென்றவருக்குக் கிடைத்த பரிசு பத்து இலட்சம் பவுண். இத்துணைப் பொருளும் புகழும் எதன்மேல் நிற்கின்றன என்று வினவுவோமாயின், எட்டு மில்லிமீற்றர் அகலமே உள்ள ஒரு மெல்லிய கீற்றின்மேல் என்பதே விடையாகும்.

அஃது எவ்வாறு என்பதை விளங்கிக்கொள்வதற்குப் பலகையின் அமைப்பை ஓரளவேனும் அறிதல் வேண்டும். முற்காலத்தில் எல்ம் மரத்திலே பலகை செய்தனர்; காய்ந்து வெடியாதிருக்க அதனை இரவிலே நீரில் ஊறவைப்பதும் உண்டு. பின்னர்க் கற்றாழை இனத்துச் செடியொன்றின் நாரை நெருக்கிக் கட்டிச் செய்யும் முறை வந்தது. அம்பைப் பிடுங்கியதும் துளை தானாகவே மூடிக்கொள்ளும் என்பது இதன் சிறப்பு. ஏறத்தாழப் பதினெட்டு அங்குலக் குறுக்களவுள்ள இவ்வட்டம், அப்பத்தைக் கூறுபோட்டாற்போல இருபது கூறுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கூறுகளின் எண்கள் ஒன்றிலிருந்து இருபதுவரை வரிசையாகச் செல்வதில்லை. உச்சியில் இருப்பது 20; அதன் வலப்புறத்தில் 1, இடப்புறத்தில் 5. கீழேயுள்ள 19இன் அயலார் 3உம் 7உம் ஆவர். பேரெண்ணை நாடி எறிந்தவன் சற்றே பிழைத்தானாயின் மிகச் சிறிய எண்ணே அவனுக்குக் கிட்டும். குறி தவறுவதற்குரிய தண்டனையைக் குறியின் பக்கத்திலேயே வைத்திருக்கும் இவ்வமைப்பிலே ஒரு தந்திர புத்தி தெரிகின்றதல்லவா?

மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே ஒரு குறுகிய வளையம் உண்டு. அம்பு அதிலே தைத்தால் அக்கூறின் எண் மும்மடங்காகும். எண்களுக்குரிய பரப்பின் வெளியோரத்தில் மற்றொரு வளையம். அங்கே தைத்தால் இருமடங்கு. நடுப்புள்ளிக்கு 50, அதனைச் சூழ்ந்த சிறு வளையத்துக்கு 25. பலகையின் மையம் நிலத்திலிருந்து 5 அடி 8 அங்குல உயரத்தில் இருக்கும். எறிபவர் 7 அடி 9¼ அங்குலத்துக்கு அப்பால் நிற்றல் வேண்டும்.

ஆட்டம் கூட்டற் கணக்கன்று, கழித்தற் கணக்கு. இருவரும் 501 என்னும் எண்ணிலே தொடங்கி, முறைக்கு மூன்று அம்பாக எறிந்து, பெற்ற புள்ளிகளைக் கழித்துக் கழித்துச் சுழியத்தை அடைதல் வேண்டும். முந்தி அடைந்தவருக்கு ஒரு ‘லெக்’. மூன்று லெக் வென்றவருக்கு ஒரு ‘செற்’. அலெக்சாண்டிரா மாளிகை இறுதியாட்டத்திலே பொதுவாக ஏழு செற் வென்றவரே பட்டத்தைப் பெறுவர். இதுவரை எல்லாம் எளிது. ஆயின் ஒரு நிபந்தனை உண்டு: சுழியத்துக்குக் கொண்டுசெல்லும் கடைசி அம்பு இரட்டை வளையத்திலோ நடுப்புள்ளியிலோ தைத்தல் வேண்டும். எஞ்சியது 40 எனின் 20இன் இரட்டையில் எறியலாம். 24 எனின் 12இன் இரட்டை. எஞ்சியதற்கு மேற்பட்டாலோ, ஒன்று மாத்திரம் எஞ்சினாலோ, அம்முறை முழுவதும் செல்லாது போய்விடும்.

இதனாலேயே 32 என்னும் எண்ணிடத்து ஆட்டக்காரர்க்குத் தனியன்பு உண்டு. 16இன் இரட்டையை நாடி எறிந்து, அது வளையத்தின் உட்புறமாக விழுந்து வெறும் 16 ஆனாலும், மேலும் 16 எஞ்சும். அதற்கு 8இன் இரட்டை உளது. அதுவும் தவறினால் 4, பின்னர் 2, பின்னர் 1 என இரட்டைகள் படிப்படியாக இறங்கி வந்து கைகொடுக்கும். மூன்று அம்புகளுக்கு இடையிலே, தாளும் எழுதுகோலுமின்றி, இக்கணக்குகளைக் கணத்திலே போடுவோருட் பலர் பள்ளிக்கூடத்தை இளமையிலேயே விட்டுத் தொழிலுக்குச் சென்றவர்கள். துரோணர் வைத்த பரீட்சையிலே அருச்சுனன் மரத்துப் பறவையை மாத்திரமே கண்டான் என்பர். அவனுக்குக் கழித்தற் கணக்கின் தொல்லை இருக்கவில்லை.

‘நியூஸ் ஒவ் த வேர்ள்ட்’ என்னும் பத்திரிகை 1927இல் இலண்டனிலே தொடங்கிவைத்த போட்டியே நெடுங்காலம் இவ்வாட்டத்தின் பெரும் போட்டியாக விளங்கியது. உலகப் பட்டம் என ஒன்று ஏற்பட்டது 1978இலேதான். நொட்டிங்ஹாம் நகரில் நடந்த அம்முதற் போட்டியின் இறுதியிலே வேல்ஸ் நாட்டவரான லெய்ட்டன் றீஸ், இங்கிலாந்தின் ஜோன் லோவை 11-7 என்ற லெக் கணக்கிலே வென்றார். தொலைக்காட்சித் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் எறிபவரின் முகத்தையும் மறு பாதியில் பலகையையும் காட்டும் உத்தி இவ்வாட்டத்துக்குப் பெரிதும் துணைசெய்தது. முகத்தின் கலக்கத்தையும் அம்பின் கதியையும் மக்கள் ஒருங்கே கண்டனர்.

அவர்கள் கண்ட காட்சிகளிலே 1983ஆம் ஆண்டின் இறுதியாட்டம் தனித்து நிற்பது. ஸ்ரோக் நகரிலே நடந்த அப்போட்டியில் எரிக் பிரிஸ்ரோ என்னும் இலண்டன்காரரை வெல்வார் இல்லை என்றே பலரும் எண்ணியிருந்தனர். அவர் 1980இலும் 1981இலும் பட்டம் வென்றவர், தருக்கு மிக்கவர், அத்தருக்குக்கேற்ற திறனும் உடையவர். எதிர்த்து நின்றவர் கீத் டெல்லர் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர். தகுதிச் சுற்றின் வழியே உள்ளே வந்த அவர், ஜோன் லோவையும் ஜொக்கி வில்சனையும் வீழ்த்தி இறுதிக்கு வந்திருந்தார். செற்கள் ஐந்துக்கு ஐந்து எனச் சமமாயின. இறுதிச் செற்றிலே பிரிஸ்ரோவுக்கு 50 எஞ்சியிருந்தது. கையில் இருந்ததோ ஒரேயோர் அம்பு. நடுப்புள்ளியை நாடியிருக்கலாம். அவர் நாடவில்லை. 18இல் எறிந்து, தமக்கு உகந்த 32ஐ மிச்சம் வைத்துக்கொண்டு விலகி நின்றார். டெல்லருக்கோ 138 எஞ்சியிருந்தது; மூன்றே அம்புகளில் அதனை முடித்தல் இயலாது என்பது பிரிஸ்ரோவின் கணிப்பு. டெல்லரின் முதலம்பு 20இன் மும்மடங்கிலே தைத்தது. இரண்டாவது 18இன் மும்மடங்கில். மூன்றாவது 12இன் இரட்டையில். 60, 54, 24: கூட்டினால் 138. ஆட்டம் முடிந்தது, 6-5.

பிரிஸ்ரோவின் முடிவு பிழையா என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதிடுகின்றனர். கணக்கின்படி அது பிழையன்று. பத்து முறையில் பெரும்பாலும் அதுவே வெல்லும் வழி. எதிரியின் கையைத் தம் கையிலும் தாழ்வாக மதித்ததே அதிலுள்ள குறை. எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1984, 1985, 1986 என மூன்றாண்டுகள் தொடர்ந்து பட்டத்தை வென்றார். அதன் பின்னரே வேறொரு துன்பம் அவரைப் பற்றியது. கையை நீட்டிய பின்னும் விரல்கள் அம்பை விடுவிக்க மறுக்கும் ஒருவகைத் தடை இவ்வாட்டக்காரரிடையே உண்டு. அதற்கு ‘டாட்டைற்றிஸ்’ என்றே பெயரிட்டுள்ளனர். கையிலே யாதொரு நோயும் இராது. மனமே விரலைப் பூட்டிவிடும். பல்லாயிரம் முறை எண்ணாமற் செய்த ஒரு செயலை எண்ணத் தொடங்கியதும் அது கைவிட்டுப் போகின்றது.

அக்காலத்திலேயே பிரிஸ்ரோ, மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்ரோக் நகரத் தொழிலாளி ஒருவரிடத்தே திறமையைக் கண்டு, பொருளுதவி செய்து ஊக்கினார். அவர் பெயர் பில் ரெயிலர். 1990ஆம் ஆண்டு இறுதியாட்டத்திலே உதவி பெற்றவரும் உதவியவரும் எதிரெதிரே நின்றனர். ரெயிலர் 6-1 என வென்றார். தாட்சணியம் சிறிதும் இருக்கவில்லை; பிரிஸ்ரோ அதனை எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்.

ஆயின் அவ்வாண்டு அதிக பணம் பெற்றவர் பட்டம் வென்ற ரெயிலர் அல்லர். 501ஐ முடிக்க ஆகக் குறைந்தது ஒன்பது அம்புகள் வேண்டும். 180, மேலும் 180, எஞ்சிய 141 என்பதே வழக்கமான பாதை. சிங்கப்பூரிலே பிறந்து, அப்போட்டியிலே அமெரிக்காவுக்காக ஆடிய போல் லிம் அதனைச் செய்துமுடித்தார். உலகப் பட்டப் போட்டியிலே அதுவே முதன்முறை. ஒன்பதாம் அம்பு தைத்த இடம் 12இன் இரட்டை. அதற்காக அவர் பெற்ற பரிசு 52,000 பவுண். பட்டம் வென்ற ரெயிலர் பெற்றதோ 24,000 பவுண். இருபத்தேழு ஆண்டுகளின் பின், 2017 டிசெம்பரிலே, அறுபத்துமூன்று வயதிலே லிம் மீண்டும் உலகப் போட்டி மேடையில் நின்றார். கறி அண்டர்சனுக்கு எதிரான அந்த ஆட்டத்திலும் எட்டு அம்புகள் பிழையின்றித் தைத்தன. மண்டபமே எழுந்து நின்றது. ஒன்பதாவது அம்பு அதே 12இன் இரட்டையைத் தவறவிட்டது.

1993இலே முன்னணி ஆட்டக்காரர் பதினாறு பேர் பழைய சங்கத்தினின்றும் பிரிந்து தனியமைப்பைக் கண்டனர். அதனால் நெடுங்காலம் உலகப் பட்டம் இரண்டாக இருந்தது. அவ்வழக்குகளையும் பிணக்குகளையும் இங்கே விரித்தல் வேண்டா. புதிய அமைப்பின் போட்டியே நாளடைவிலே பெருஞ்சிறப்புப் பெற்றது. அதன் வெற்றிக் கிண்ணம் சிட் வாடெல் என்னும் வருணனையாளரின் பெயரைத் தாங்கியுள்ளது. சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து கேம்பிறிட்ஜிலே சரித்திரம் பயின்றவர் அவர். 1995 முதல் 2002 வரை எட்டாண்டுகள் இடைவிடாது பட்டம் வென்ற ரெயிலர், இரு அமைப்புகளிலுமாகப் பதினாறு பட்டங்களைப் பெற்றார். 2007இல் ஒல்லாந்தரான ரேமண்ட் வான் பார்னவெல்ட் மூன்று செற் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு, கடைசியில் ஒரே லெக்கிலே ரெயிலரிடமிருந்து பட்டத்தைப் பறித்தது இன்றும் பேசப்படுகின்றது. 2018ஆம் ஆண்டுப் பட்டத்துக்கான இறுதியாட்டமே ரெயிலரின் கடைசி ஆட்டமாயிற்று. மின்தொழிலாளியாக இருந்து முதன்முறையாக அப்போட்டிக்கு வந்த றொப் குறொஸ் 7-2 என அவரை வென்றார்.

12இன் இரட்டை மீண்டும் ஒருமுறை உலகத்தைத் திடுக்கிடச் செய்தது 2023 ஜனவரியில். நெதர்லாந்தின் மைக்கல் வான் கேர்வனும் இங்கிலாந்தின் மைக்கல் ஸ்மித்தும் இறுதியில் ஆடினர். இரண்டாஞ் செற்றின் ஒரு லெக்கிலே வான் கேர்வன் எட்டு அம்புகளைக் குறைவின்றி எறிந்து, ஒன்பதாவதை மயிரிழையிலே தவறவிட்டார். அவருடைய பெருமூச்சு அடங்குமுன், அதே லெக்கிலே தாமும் ஆறு அம்புகளைப் பிழையின்றி எறிந்திருந்த ஸ்மித் கோட்டின்முன் வந்து நின்றார். 20இன் மும்மடங்கு, 19இன் மும்மடங்கு, 12இன் இரட்டை. எதிரி தவறவிட்ட அதே கீற்றிலே அவருடைய ஒன்பதாம் அம்பு நின்றது. முன்பு இருமுறை இறுதியாட்டத்திலே தோற்றிருந்த ஸ்மித் அன்று 7-4 என வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார்.

மறுவருடம் வந்தவர் லூக் லிற்லர். வயது பதினாறு, உலகப் போட்டியில் அதுவே அவருக்கு முதல் ஆண்டு. முன்னாள் வீரர்களையெல்லாம் வென்று 2024 ஜனவரி 3ஆந் திகதி இறுதியாட்டத்துக்கு வந்தார். கூரை வேயும் தொழில் செய்து பின்னர் இத்துறைக்கு வந்த லூக் ஹம்பிறீஸ் அவரை எதிர்த்தார். செற் கணக்கு லிற்லருக்கு 4-2. ஐந்தாம் செற்றை வெல்வதற்கு வேண்டியது ஓர் இரட்டை. அதுவும் 2இன் இரட்டை. அம்பு தவறியது. கிடைத்த வாய்ப்பை விடாது பற்றிக்கொண்ட ஹம்பிறீஸ் தொடர்ந்து ஐந்து செற்களையும் வென்று, 7-4 என ஆட்டத்தை முடித்தார். பரிசுத் தொகையிலே அன்று வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையேயிருந்த வேறுபாடு மூன்று இலட்சம் பவுண். பதினாறு வயதினர் ஒருவருக்கு இரண்டு இலட்சம் பவுண் கிடைத்ததே பெரும் பேறு என்று ஆறுதல் கூறியோர் உண்டு. ஓர் எறிதலிலே உலகப் பட்டத்தின் போக்கே மாறிய இளைஞனுக்கு அவ்வாறுதல் எவ்வளவு தூரம் செல்லும்?

பிரிஸ்ரோவின் விரலைப் பூட்டிய அதே நினைவு இவ்விளைஞரையும் பூட்டிவிடுமோ என்று அஞ்சியோர் இருந்தனர். அடுத்த ஆண்டின் அதே நாளிலே, 2025 ஜனவரி 3இலே, லிற்லர் மறுபடியும் அம்மேடைக்கு வந்தார். எதிரே நின்றவர் மூன்று முறை உலகப் பட்டம் வென்ற வான் கேர்வன். அவர் தளம்பி நிலைகொள்வதற்குள் லிற்லர் முதல் நான்கு செற்களையும் வென்றுவிட்டார். பின்னர் வான் கேர்வன் போராடியபோதும், முன் ஆண்டு நேர்ந்தது மீண்டும் நேரவில்லை. முடிவு 7-3. பதினேழு வயதிலே உலகப் பட்டம். இருபத்துநான்காம் வயதில் வான் கேர்வன் நிலைநாட்டிய இளம்வயதுச் சாதனை அவர் முன்னிலையிலேயே முறிந்தது. 2026இலே லிற்லர், நெதர்லாந்தின் மற்றோர் இளைஞரான ஜியான் வான் வீனை 7-1 என வென்று பட்டத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 2015இலும் 2016இலும் பட்டம் வென்ற கறி அண்டர்சனுக்குப் பின், அடுத்தடுத்த ஈராண்டுகள் அதனைக் காத்தவர் அவர் ஒருவரே.