குளிர்காலத்தில் வந்த கடலோடி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், சுவிஸில் வாழும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



'புலம்பெயர் வாழ்வில் பெண்' என்று எனக்குத் தலைப்புத் தந்தார்கள். அவ்வளவு பெரிய தலைப்புக்கு என்னிடம் சரக்கு இல்லை. ஒரேயொரு மாலைப்பொழுதைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

நான் ஜெனீவா ஏரிக் கரையில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். எங்கள் வாவிகளோடு ஒப்பிட முடியாத ஏரி அது. ஏறத்தாழ 73 கிலோமீற்றர் நீளம், ஆழமான இடத்தில் 310 மீற்றர். கோடையில் முழுக்கப் பாய்மரம்தான். கடலே இல்லாத சுவிற்சர்லாந்து 2003இல் அமெரிக்காக் கிண்ணப் படகோட்டத்தையே வென்றது. ஆனால் மாசி மாதத்தில் வந்து பாருங்கள். படகுகள் எல்லாம் கரையேற்றப்பட்டு, தார்ப்பாய் போர்த்து, மரக்கட்டைகளில் நிற்கும். வடகிழக்கிலிருந்து 'பீஸ்' என்ற காற்று அடித்தால் அலைத்துளி கரையில் தெறித்த இடத்திலேயே உறையும். 2005இல் வெர்சுவா என்ற ஊரில் கரையோரம் நிறுத்தியிருந்த கார்களைப் பனிக்கட்டி மூடிவிட்ட படம் உலகமெல்லாம் போனது.

என் மகள் அங்கே ஒரு கழகத்தில் 'ஒப்டிமிஸ்ட்' ஓட்டப் பழகுகிறாள். 2.3 மீற்றர் நீளம், பிள்ளைகளுக்கான படகு. வசந்தகாலப் பயிற்சியில் ஏரி நடுவே படகைக் கவிழ்த்து, பிள்ளைகளே நிமிர்த்த வேண்டும். அதற்குப் பெற்றோர் கையொப்பம் கேட்டு ஒரு படிவம் தந்திருந்தார்கள். அது மூன்று கிழமையாக என் கைப்பைக்குள் கிடந்தது. தகப்பன் வைக்கட்டும் என்று நானும், தாய் வைக்கட்டும் என்று அவரும்.

அந்த 2025 பெப்ரவரியில்தான் கடலோடி ஒருவர் கழகத்துக்கு வந்தார். மினி திரான்சாட் ஓடியவர். ஆறரை மீற்றர் படகில் தன்னந்தனியாக அத்லாந்திக்கைக் கடக்கும் போட்டி அது. கரையோடு பேசத் தொலைபேசிகூட அனுமதியில்லை. அவர் பெயரை இங்கே சொல்ல நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கு அன்று தலைகால் தெரியாத சந்தோசம். சில நாட்களுக்கு முன்னர்தான் இதே ஏரியில் வளர்ந்த ஜுஸ்தீன் மெத்ரோ, 'வொந்தே குளோப்' போட்டியில் நிற்காமல் தனியே உலகைச் சுற்றி, 76 நாட்களில் எட்டாவதாக வந்திருந்தார். நாற்பது பேர் புறப்பட்ட போட்டி. அதில் ஆறு பெண்கள், அவர்களுள் முதலாவது அவரே.

படகு மட்டையின் வாசமும் ராக்லெத் சீஸ் வாசமும் கலந்த கொட்டகையில் இருந்தோம். புயற்கதை சொல்வார் என்று பார்த்தால், அவர் ஈரக் காலுறை பற்றியும் இருபது இருபது நிமிடமாகத் தூங்குவது பற்றியும் பேசினார். பிறகு ஆளுக்கொரு கயிற்றுத் துண்டு கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடச் சொன்னார். இரவில் கண் உதவாதாம்.

சாப்பாட்டு மேசையில் அவர் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்துவிட்டார். என் பிரெஞ்சு கடைக்குப் போகத்தான் காணும். மகளை நடுவில் வைத்து, "பயம் வராதா?" என்று கேட்டேன்.

"வரும். வந்தால், எதைக் கட்டாமல் விட்டேன் என்று தேடுவேன்" என்றார். "உங்கள் ஊரிலும் கடல்தானே?"

வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறை வரை ஓடிய அன்னபூரணியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏனோ கிளாலியையும் சொன்னேன்.

இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1993, இரவு, விளக்கில்லை. ஒரு படகின் பின்னால் இன்னொன்றாகக் கட்டி இழுத்தார்கள். அம்மா தன் சேலைத் தலைப்பால் என்னையும் தம்பியையும் தன் இடுப்போடு கட்டியிருந்தா. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டபோது முடிச்சை இன்னும் இறுக்கினா. எங்கள் மூவரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.

நான் தமிழில் சொல்லச் சொல்ல மகள் பிரெஞ்சில் சொன்னாள். சேலைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். "அம்மா, இது எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள். உண்மைதான். பதின்மூன்று வருடமாகத் தண்ணீருக்குப் போகாதே என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று சொல்லவில்லை. கடலோடி ஒன்றும் பேசவில்லை. தன் கயிற்றை எடுத்து, அம்மா போட்டது எந்த முடிச்சு என்று கேட்டார். நினைவில் இருந்தபடி போட்டுக் காட்டினேன். "இது இறுகினால் அவிழாது. படகு கவிழ்ந்திருந்தால் மூவரும் போயிருப்பீர்கள்" என்றார். பூசி மெழுகாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. அம்மாவுக்கும் அது தெரிந்திருக்கும் என்றேன். தலையாட்டினார்.

படிவத்தில் அன்றிரவே கையொப்பம் வைத்தேன். ஏப்ரலில் மகள் நான்கு முறை கவிழ்ந்து நிமிர்ந்தாள். நான் கரையில் நின்றேன், ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் நகரசபைத் தடாகத்தில், இடுப்பளவு தண்ணீரில், ஐம்பதை நெருங்கும் வயதில் நீச்சல் பழகுகிறேன். சிரிக்க வேண்டாம்.

நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டிருந்தது. மண்டபத்துக்குப் பளிங்குக் கல் பதிப்பதை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, விடுதிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் செலவை ஏற்கலாம் என்பது என் கோரிக்கை. எங்கள் கிளையிலிருந்து முதற் பங்கைக் கொண்டு வந்திருக்கிறேன். பொருளாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் போவேன்.