திருட்டுப் படமும் பிறர் உரிமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஹலால், ஹராம் என்றதும் நம் நினைவுக்கு வருவன உணவும் வட்டியும் வியாபாரமுமே. நம் கைபேசிக்குள் வந்து சேர்வனவற்றையும் அதே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டிய காலம் இது. திரைப்படம் வெளியான சில நாட்களிலேயே அதன் திருட்டுப் பிரதி டெலிகிராம் வழியாகவும் பென்டிரைவ் வழியாகவும் வீடுகளுக்குள் வந்துவிடுகிறது. இது முறையா எனக் கேட்டால், "சினிமாவே கூடாது என்கிறீர்கள், அதைக் காசு கொடுத்துப் பார்த்தால் என்ன, கொடாமல் பார்த்தால் என்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்கின்றனர்.

இவை இரு வேறு கேள்விகள். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்பது ஒன்று. பிறருடைய பொருளை அவர் அனுமதியின்றி எடுக்கலாமா என்பது மற்றொன்று. முன்னதற்கு எவ்விடை கூறினும் பின்னதற்கு விடை மாறுவதில்லை. கூடாது எனக் கருதுபவர் பாராது விட்டுவிடலாம். அக்கருத்து திருடுவதற்கு அனுமதிச் சீட்டாகாது.

"யாருடைய பொருளும் குறையவில்லையே" என்போரும் உளர். நம் துணியைக் கொடுத்துச் சட்டை தைத்துக்கொண்டு, கூலி கொடாமல் வந்துவிட்டால் தையற்காரரின் கடையில் எப்பொருளும் குறைவதில்லை. ஆயினும் அவருடைய உழைப்பு பறிபோய்விட்டது. திரைப்படமும் பலருடைய உழைப்பே. முதலிட்டவருக்கு முதல் திரும்பாவிடில், விளக்குத் தூக்கும் தொழிலாளிக்கு அடுத்த வேலை எங்கிருந்து வரும்?

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பதிப்புரிமையும் கண்டுபிடிப்புரிமையும் ஷரீஅத்தின் பாதுகாப்பைப் பெற்றவை, அவற்றில் அத்துமீறலாகாது எனத் தீர்மானித்தது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அறிந்தே உரிமையை மீறுவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. திரையரங்கில் களவாகப் படம்பிடிப்போருக்கும் அதனைப் பரப்புவோருக்கும் 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் வைத்துள்ளது. கைபேசிக் கடை நடத்தும் சகோதரர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மெமரி கார்டில் திருட்டுப் படம் ஏற்றிக் கொடுத்துப் பெறும் சிறு தொகை, நேர்மையாக ஈட்டிய வருமானத்தோடு கலப்பதை நாம் விரும்பலாமா?

நேர்வழிகள் அரியன அல்ல. உரிமையாளர்களே யூடியூபில் இலவசமாக வெளியிட்ட படங்கள் பல உள்ளன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலி உண்டு. வசதியுள்ளோர் சந்தா செலுத்தலாம். இயலாதோர் தொலைக்காட்சியில் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுமையும் ஓர் இபாதத்தன்றோ!

பிறருடைய பென்சிலை எடுத்துவரும் பிள்ளையைக் கண்டிக்கிறோம். அதே பிள்ளையை அருகில் அமர்த்தித் திருட்டுப் படம் காட்டினால், நம் கண்டிப்புக்கு என்ன மதிப்பு? அடியார்களின் உரிமையில் ஏற்பட்ட குறையை உரியவரிடமே தீர்க்க வேண்டும் என்பதை நாம் நன்கறிவோம். முகமறியாத எத்தனை பேரிடம் நாம் சென்று தீர்ப்போம்?

பிறர் உரிமையைப் பேணி, தூய வருமானத்தில் வாழும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.