கையிலுள்ள கருவியை அறிவோம்

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுதல் மரபு. அதனைப் பேசுதற்கு நம்மினும் தகுதி வாய்ந்தோர் இங்கே வீற்றிருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. உங்கள் சட்டைப் பையில் கிடப்பது. அதுவும் இக்கணம் இரண்டு மூன்று இடங்களில் ஒலித்துக்கொண்டிருப்பது. ஒலிக்கட்டும், குற்றமில்லை, இன்று அதனைப் பற்றித்தானே பேச வந்தோம்.

நம் இளமைக் காலத்தில் நம் தெருவுக்கு ஒரு கடிதம் வந்தால் அதனைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. நம் தாய்மார்கள் அக்கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு ஊர்த் தெருவுக்குப் போவார்கள். அங்கே ஒரு வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று, மேலே அமர்ந்திருப்பவர் படித்துச் சொல்லக் கேட்டு வருவார்கள். மகன் எவ்வளவு பணம் அனுப்பினான், கடன் எவ்வளவு மிச்சம், எந்தப் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியுமுன் பிறர்க்குத் தெரிந்துவிடும். மனு எழுதுவதாயினும் அதே திண்ணைதான். அந்நிலையை மாற்றுதற்காகவே இச்சங்கம் பிறந்தது.

இன்று என்ன காண்கிறோம்? பட்டப்படிப்புப் படிக்கும் நம் பிள்ளை, உதவித்தொகை விண்ணப்பத்துக்காகக் கைப்பேசியைத் திறந்து, அதன் பூட்டு எண்ணையும் சொல்லி, கணினிக் கடைக்காரரிடம் நீட்டுகிறான். ஓ.டி.பி. எண்ணையும் அவரே பார்த்துக்கொள்கிறார். கடவுச்சொல்லையும் அவரே வைத்து, அவரே ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆயினும் திண்ணை மாறியதேயன்றி நாம் நிற்கும் இடம் மாறவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

1995 ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து அன்றைய முதலமைச்சர் ஜோதி பாசு டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்நாட்டில் கைப்பேசி பேசத் தொடங்கியது அன்றுதான். அந்நாளில் அது செல்வர் கருவி. இன்று வயலில் நடவு நடும் நம் சகோதரியின் இடுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதை நாம் அறிந்தோமா?

நம் பள்ளி மாணவர் ஒருவர் மேல்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கு முதல் நாள் மாலை கண்கலங்கி வந்து நின்றார். “சார், இரண்டு நாளாக அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்றே வருகிறது. போனை மாற்ற வேண்டும் என்கிறார்கள்” என்றார். நாம் வாங்கிப் பார்த்தோம். கைப்பேசியின் நாட்காட்டி ஈராண்டு பின்தங்கியிருந்தது. பேட்டரி முழுவதும் வற்றி அணைந்தபோது தேதி தவறிவிட்டது; தேதியைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியை யாரோ நிறுத்தி வைத்திருந்தனர். இணையப் பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. அது இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதிலேயே குறித்திருக்கும். கைப்பேசி தன் தேதியைக் கொண்டு அதனைச் சரிபார்க்கிறது. தன் தேதியே பிழையானால், செல்லும் சான்றிதழையும் செல்லாது என்று தள்ளிவிடுகிறது. செட்டிங்ஸில் ‘தானியங்கித் தேதி, நேரம்’ என்பதைத் தொட்டோம், பக்கம் திறந்தது. ஓராண்டுப் படிப்பின் பணம் அந்த ஒரு தொடுதலில் இருந்தது.

பட்டியல் இனத்தார்க்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944இல், விடுதலைக்கு முன்பே தொடங்கியது. அந்நாளில் அது காகிதத்தில் வந்தது. இன்று மாணவர்தம் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது. அதனால் ஆதாரிலும் வங்கியிலும் பதிந்த கைப்பேசி எண் உயிரோடு இருத்தல் வேண்டும். திருப்பூருக்கோ வளைகுடா நாடுகளுக்கோ வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் பழைய சிம் அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகின்றனர். தொடர்ந்து தொண்ணூறு நாட்கள் பயன்படாத எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். பின்னர் அவ்வெண்ணை வேறொருவர்க்கும் கொடுக்கலாம். அப்போது உங்கள் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. முன்பின் அறியாத ஒருவர் கையில் விழும். எண்ணை விடுவதாயின் முதலில் வங்கியிலும் ஆதாரிலும் மாற்றிவிட்டுப் பின்னர் விடுங்கள்.

ஓ.டி.பி. வரவில்லை என்பது அடுத்த முறையீடு. பெரும்பாலும் கோளாறு கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் இடையே உள்ள பிடிப்பில்தான். ஃப்ளைட் மோடை அழுத்தி, அரை நிமிடம் கழித்து எடுத்துவிட்டால் கைப்பேசி கோபுரத்தைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். அதற்கும் வரவில்லையாயின் குறுஞ்செய்திப் பகுதியில் ‘ஸ்பேம்’ என்ற குப்பைக் கூடையைத் திறந்து பாருங்கள். நல்ல செய்திகள் பல அங்கே கிடக்கும்.

‘இடம் இல்லை’ என்று கைப்பேசி சொல்வதும் அன்றாடத் துன்பம். யார் நிரப்பினார்? நாம்தாம். விடிந்தவுடன் ரோஜாப்பூப் படத்தோடு ‘காலை வணக்கம்’ அனுப்பும் அன்பர்கள் இவ்வரங்கிலும் இருக்கின்றனர். பெயர் சொல்ல மாட்டோம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் படங்களும் காணொளிகளும் தாமே இறங்குவதை நிறுத்துங்கள். கூகுள் நிறுவனத்தின் ‘ஃபைல்ஸ்’ செயலி 2017 முதல் உள்ளது. பல ஆண்டிராய்டு கைப்பேசிகளில் வாங்கும்போதே இருக்கிறது. ஒரே படம் இருமுறை இருப்பதை அது கண்டு காட்டும். ஆயினும் அழிக்குமுன் நின்று பாருங்கள். மாணவி ஒருவர் கைப்பேசி மந்தமாயிற்று என்று ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் அதனைப் புதுக் கருவிபோல் முழுதும் துடைத்துத் திருப்பித் தந்தனர். வேகம் வந்தது, மறைந்துபோன தந்தையின் படங்கள் அத்தனையும் போயின. அச்சிட்ட படம் ஒன்றுகூட அவ்வீட்டில் இல்லை. பழுது பார்க்கக் கொடுக்குமுன் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் படியெடுத்து வைப்பது, வீட்டை விட்டுப் புறப்படுமுன் அடுப்பை அணைப்பது போன்ற கடமை.

கடைக்குப் போகுமுன் செய்யத்தக்கது இன்னொன்று உண்டு. கருவியை ஒருமுறை அணைத்து மீண்டும் போடுங்கள். மந்தமும் திணறலும் பாதிக்கு மேல் இதிலேயே தீரும். நம் தெருவில் ஒரு பெரியம்மாவின் கைப்பேசி ஒலிக்கவே இல்லை. ஒலிபெருக்கி போய்விட்டது, அறுநூறு ரூபாய் ஆகும் என்று ஒரு கடையில் சொல்லியிருந்தனர். பேரக்குழந்தை விளையாட்டாக ‘தொந்தரவு செய்யாதே’ என்ற குறியை அழுத்தி வைத்திருந்தது. அவ்வளவே.

கடலோரத்தில் வாழும் நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது நீரும் உப்பும் பற்றியது. நீர் புகாது என்று விளம்பரம் செய்யப்படும் கைப்பேசிகள் நல்ல நீரில் சோதிக்கப்பட்டவை. கடல் நீர்க்கு அவ்வுறுதி இல்லை. நனைந்த கைப்பேசியை உடனே சார்ஜரில் பொருத்தாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் உள்ளிருக்கும் உலோகம் அரித்துப்போகும். அரிசிப் பானைக்குள் புதைப்பதும் வேண்டா. தவிடும் தூசும் துளைக்குள் புகும். அணைத்து, துடைத்து, துளை கீழ்நோக்கி இருக்கக் காற்றோட்டத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறவில்லையென்றால் பெரும்பாலும் துளையில் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருக்கும். அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெல்ல எடுக்கலாம், ஊசி ஆகாது. பேட்டரி உப்பி, பின்மூடி மேலெழுந்தால் அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். குத்துவதோ அழுத்துவதோ தீயை அழைப்பதாகும். தலையணைக்கடியில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் ஏற்றும் வழக்கத்தையும் விடுங்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் நம் மீது ஏறி வந்தபோது நம்மை எச்சரிக்க ஒரு குரலும் இல்லை. இன்று கையிலேயே அக்குரல் இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் கோபுரங்களின் கீழுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறை 2023இல் நாட்டின் பல பகுதிகளில் சோதிக்கப்பட்டது. தனித்தனிக் குறுஞ்செய்தி போலன்றி, வானொலி ஒலிபரப்பு போல வருவதால் நெரிசலில் அது சிக்குவதில்லை. சோதனையின்போது எழுந்த அந்தக் கடும் ஒலியைக் கேட்டுக் கைப்பேசி கெட்டுவிட்டது என்று அணைத்தவர்களும், அவ்வசதியையே நிறுத்தி வைத்தவர்களும் நம்மிடையே உண்டு. செட்டிங்ஸில் ‘அவசர எச்சரிக்கைகள்’ என்பதைத் தேடி, அது இயங்குகிறதா என்று இன்றே பாருங்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. மின்சாரமும் கோபுரமும் நின்றுபோன அந்நாட்களில் பலர் கைப்பேசி சில மணி நேரத்தில் வற்றிவிட்டது. காரணம், கோபுரம் கிடைக்காத கைப்பேசி ஓயாமல் தேடிக்கொண்டே இருக்கும். அத்தேடல் பேட்டரியைத் தின்றுவிடும். அப்போது ஃப்ளைட் மோடில் வைத்து, மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பண்பலை வானொலி உள்ள கைப்பேசியாயின் காதணிக் கம்பியைச் செருகினால் அதுவே வான்கம்பியாகி, இணையம் இன்றியும் வானொலி கேட்கலாம். புதுக் கைப்பேசி வாங்குவோர் இந்த வசதி உண்டா என்று கேட்டு வாங்குவது நலம்.

ஆபத்தில் அழைக்க வேண்டிய எண் 112. 2016இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, 2017 முதல் விற்கப்படும் கைப்பேசிகளில் ஆபத்துப் பொத்தான் இருத்தல் வேண்டும். பவர் பொத்தானை விரைந்து பல முறை அழுத்தினால் அவசர அழைப்பு எழும். எத்தனை முறை என்பது கருவிக்குக் கருவி மாறும். நம் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் கருவியில் அதனைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டிய திரையிலும் தெரியும்படி இரத்த வகையையும் உறவினர் எண்ணையும் பதிந்து வைக்கும் வசதியும் அங்கேயே உண்டு.

இளைஞர்களே! கேமராவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நம் மக்களுக்கு அநீதி நேரும்போது படம் எடுக்கிறீர்கள். உடனே வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு அனுப்புகிறீர்கள். அங்கே செல்லும்போது படம் சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், இடம் முதலிய உள்குறிப்புகள் நீங்குகின்றன. பின்னர் ‘இடம் இல்லை’ என்று மூலப் படத்தையும் அழித்துவிடுகிறீர்கள். வழக்கு வரும்போது கையில் இருப்பது நிழலின் நிழல். மின்னணுச் சான்று பற்றி உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் தெளிவாகச் சொன்னது: மூலக் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் கொணர்ந்து காட்டலாம், படியைத் தருவதாயின் சட்டம் கூறும் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவும் அச்சான்றிதழைக் கேட்கிறது. ஆதலின் எடுத்த படத்தை வெட்டாமல், திருத்தாமல், அழிக்காமல் அக்கருவியிலேயே வையுங்கள். படியொன்றை வேறிடத்திலும் வையுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஆனால் சட்டம் சான்றைக் கேட்கும்.

கல்லாத முதியோர்க்கு இக்கருவி பயன்படாது என்று எண்ண வேண்டா. விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகிறது. கூகுள் 2017இல் இவ்வசதியைத் தமிழுக்கும் தந்தது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதியும், எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் உள்ளேயே இருக்கின்றன. சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி முதியோர் உதவித்தொகை வரவில்லை என்று தாமே சொல்லச் சொல்ல, கைப்பேசி மனுவாக எழுதியது. எழுதியதை உரக்கப் படிக்கவும் வைத்தோம். “நான் சொன்னதைத்தான் சொல்லுது, கூட ஒண்ணும் சேர்க்கலை” என்றார் அவ்வம்மையார். திண்ணைக்காரர் எழுதிய மனுக்களில் என்ன சேர்ந்தது, என்ன விடுபட்டது என்பதை அவர் தம் வாழ்நாளில் அறிந்ததில்லை.

கடன் செயலிகளைப் பற்றி ஒரு சொல். கடன் தருமுன் உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க இசைவு கேட்கும் செயலி, பின்னர் அவற்றைக் கொண்டே உங்களை உறவினர் முன் தலைகுனிய வைக்கும். அவ்வாறு தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்தலாகாது என ரிசர்வ் வங்கி 2022இல் நெறி வகுத்தது. ஆதலின் கேட்கும் செயலி எதுவோ, அதனை அப்பொழுதே நீக்குங்கள். பணம் மோசடியாகப் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணை அழையுங்கள்; எவ்வளவு விரைவோ அவ்வளவு மீட்பு வாய்ப்பு.

இறுதியாக, இப்போதே அனைவரும் கைப்பேசியை எடுத்து *#06# என்று அழுத்துங்கள். பதினைந்து இலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டு சிம் உள்ள கருவியாயின் இரண்டு எண் தோன்றும். கருவி தொலைந்தால் காவல் நிலையத்தில் கேட்கப்படுவதும், ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் கருவியை முடக்கப் பயன்படுவதும் இவ்வெண்ணே. கருவிக்குள் குறித்து வைத்துப் பயனில்லை, தொலைவது அதுதானே. முன்வரிசையில் பிள்ளைகள் காகிதமும் பேனாவும் கொண்டு வருகின்றனர். எழுதத் தெரியாத பெரியவர்கள் எண்ணைச் சொல்லுங்கள், அவர்கள் எழுதித் தருவார்கள். பூட்டு எண்ணை மட்டும் அவர்களிடமும் சொல்ல வேண்டா.