கப்பலேறிய செடிகள்

காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசி சூழ்ந்த இந்தக் கரிசல் சீமையில் தொழிலாக வேரூன்றின. மேகம் கறுத்தால் களத்தில் காயும் சரக்கை ஓடி அள்ளும் தாயில்பட்டி மக்களுக்கு, ஈரம் செய்யும் கேட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியச் செடிகளைத் திரட்டிக் கப்பலேற்றியவர்களை வாட்டியதும் அந்த ஈரம்தான்.

ராபர்ட் வைட் 1819இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ஸ்காட்லாந்து மருத்துவர். எடின்பரோவுக்கு அவர் முதலில் அனுப்பிய செடிகள் கப்பலோடு கடலில் போயின. மனம் தளராமல் ஆட்களை அமர்த்தி மீண்டும் சேகரித்தார். 1831இல் விடுப்பில் ஊர் திரும்பியபோது உடன் சென்றவை சுமார் ஒரு லட்சம் மாதிரிகள். எடை இரண்டு டன்.

ஒரு மாதிரி உருவாவதே பெரும்பாடு. செடியைப் பூவும் காயுமாக எடுத்து, தாள்களுக்கு நடுவே விரித்து, மேலே பாரம் ஏற்ற வேண்டும். ஈரம் இழுத்த தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். அடைமழைக் காலத்தில் மாற்றுத் தாளே காயாது. பிரண்டை, கள்ளி போன்றவை பாரத்துக்கு அடியிலும் உயிர்பிடித்துத் துளிர்விடும். கொதிநீரில் முக்கினால்தான் அடங்கும். இத்தனையும் தாண்டிக் கப்பலேறினால், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதப் பயணம். பூசணமும் பூச்சியும் கூடவே வரும்.

சேகரித்தவர்களின் உடலும் தாங்கவில்லை. தாவரவியலாளர் லின்னேயஸிடம் பயின்று 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த கோனிக், சயாம், மலாக்கா வரை கடலோடித் திரும்பியவர். 1785இல் காக்கிநாடா அருகே வயிற்றுக்கடுப்பில் மாண்டார்.

உயிர்ச்செடிகளின் கதை இன்னும் கொடியது. சீனத்திலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பும் ஆயிரம் செடிகளில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று 1819இல் லிவிங்ஸ்டன் என்ற மருத்துவர் கணக்கிட்டார். உப்புக்காற்று ஒருபுறம், நன்னீர்ப் பஞ்சம் மறுபுறம். 1833இல் லண்டன் மருத்துவர் வார்டு, மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் சிட்னிக்குச் செடி அனுப்பி வென்ற பிறகே நிலைமை மாறியது. ஆனாலும் பெருவிலிருந்து மார்க்கம் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்த, கொயினா மருந்து தரும் சின்கோனா கன்றுகள் செங்கடல் வெப்பத்தில் வதங்கின. கடைசியில் ஒன்றுகூடத் தேறவில்லை. எக்வடோரில் தாவரவியலாளர் ஸ்புரூஸ் திரட்டியவற்றைத் தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் 1861 ஏப்ரலில் உதகையில் சேர்த்தார்: 463 கன்றுகள். நீலகிரியின் கொயினா தோட்டங்கள் அவற்றிலிருந்து பெருகின.

அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசிக்குப் பக்கத்தில் நின்று இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வைட் கல்லச்சுக் கலையைத் தாமே கற்று, சென்னையில் 1838 முதல் 1853 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிப் படங்களை அச்சிட்டார். வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். மலையேறிச் செடி பறித்த கூலியாட்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. உலர்ந்த செடிகளை ஒட்டிய ஏடுகளில் பெரும்பாலும் வைட்டின் பெயரே நிற்கிறது. இது பெருங்குறை.

இப்பகுதிக் கல்லூரி மாணவர்கள் வைப்பாற்றுக் கரையிலும் கண்மாய்க் கரைகளிலும் உள்ள செடிகளை ஏடாக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வோர் ஏட்டிலும், செடியைக் காட்டிக்கொடுத்த ஊர்க்காரரின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள்.