அதே ஒரு சதவீதத்தை இவங்களுக்கும் கொடுங்க!

நேற்று தெருமுனைக் கூட்டத்தில் பேசியதை இங்கே உங்களுக்காகப் பதிகிறேன்.

தமிழ்நாட்டில் ஒரு வீட்டைக் கிரயம் பண்ணினா முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்ச ரூபாய் வீட்டுக்கு 90 ஆயிரம்! ரிட்டயர்மென்ட் பணத்துல சின்னதா வீடு தேடுற பெரியவருக்கு இது எத்தனை மாச மருந்துச் செலவுன்னு உங்க வீட்டுத் தாத்தாகிட்ட கேளுங்க.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. நல்லதை நல்லதுன்னுதான் சொல்லணும். நாம கேட்கிறது, அதே சலுகையை 60 வயது தாண்டியவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கொடுங்க என்பதுதான்.

"தாத்தா பேரைப் போட்டு பேரன் ஏமாத்துவானே?"ன்னு ஒரு அண்ணன் கேட்டார். ஏமாத்தட்டும் அண்ணே! பத்திரத்துல தாத்தா பேர் ஏறிட்டா, அவர் கையெழுத்து இல்லாம அதை யாரும் விற்க முடியாதே.

நடக்க முடியாத தம்பி சம்பாதிச்ச காசு, பத்திரத்துல அண்ணன் பேரு. இதை நீங்களும் பார்த்திருப்பீங்க. சொந்தப் பேரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமையை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்லுது. அந்தப் பேரை எழுதத்தான் இந்தச் சலுகை.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாது: உடம்பு முடியாதவங்க சார்பதிவாளர் ஆபீஸ் படியேற வேண்டாம். தக்க காரணம் காட்டி மனு கொடுத்தா, வீட்டுக்கே வந்து பதிய 1908 பதிவுச் சட்டத்துல வழி இருக்கு. பக்கத்து வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கே சொல்லுங்க.